பழையதைத் தந்துகொண்டே புதுப்பித்தல்: இணையக் கேச் முறை ஒன்றின் வரலாறு

பழையதைத் தந்துகொண்டே புதுப்பித்தல் என்பது வலைச் செயலிகளில் பயன்படும் ஒரு தரவு வழங்கும் முறையாகும். கேச் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் உள்ள நகலின் காலக்கெடு முடிந்துவிட்டாலும், அந்தப் பழைய நகலையே கேட்பவருக்கு உடனே கொடுத்துவிட்டு, புதிய நகலை மூல வழங்கியிலிருந்து பின்னணியில் வாங்கிவைப்பதே இதன் சாரம். ஆங்கிலத்தில் இதனை ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் என்பர். 2010 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 5861 என்னும் இணைய ஆவணம் இதற்கு முறையான பெயரும் விதியும் தந்தது. ஆனால் இதன் பின்னுள்ள கேள்வி அதைவிடப் பழையது: பழைய தகவலை எவ்வளவு நேரம் வரை கொடுக்கலாம்? புதியது வரும்வரை காத்திருக்க வேண்டியவர் யார்?

அடிப்படைக் கருத்து

வயலிலிருந்து ஒருவர் பசியோடு வீடு திரும்புகிறார். அடுப்பில் உலை இப்போதுதான் கொதிக்கிறது. பானையில் பழைய சோறு இருக்கிறது. சோறு வேகும்வரை அவரைக் காக்கவைக்கலாம். அல்லது பழைய சோற்றைக் கொடுத்துப் பசியாற்றிவிட்டு உலையைத் தொடரலாம். அடுத்து வருபவருக்குச் சுடுசோறு ஆயத்தமாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதே நடக்கும்.

இந்த எளிய செயலில் மூன்று விதிகள் அடங்கியுள்ளன. முதலாவது, பழைய சோறு கொடுக்கலாம், ஊசிப்போன சோறு கொடுக்கக் கூடாது. ஆகவே ஓர் எல்லை வேண்டும். இரண்டாவது, பழையதைக் கொடுத்துவிட்டோம் என்று உலையை அணைத்துவிடக் கூடாது. மூன்றாவது, பத்துப் பேர் ஒன்றாக வந்தாலும் பத்து உலை வைப்பதில்லை, ஒன்று போதும். கணினித்துறை இம்மூன்றையும் ஒரே நாளில் கற்கவில்லை. ஒவ்வொன்றையும் கற்க ஆண்டுகள் பல ஆயின.

நினைவகத்திலிருந்து வலைக்கு

மெதுவான இடத்திலுள்ள தரவின் நகலை விரைவான இடத்தில் வைத்துக்கொள்ளும் எண்ணத்தை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். அதனை அவர் அடிமை நினைவகம் என்றார். 1968-ல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினியில் இத்தகைய நினைவகம் இடம்பெற்றது. கேச் என்ற சொல்லும் அப்போதுதான் வழக்கிற்கு வந்தது.

ஒரே கணினிக்குள் மூலமும் நகலும் அருகருகே இருப்பதால், இரண்டும் முரண்படாமல் பார்த்துக்கொள்ள முடியும். வலையமைப்பில் அது கடினம். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்னும் களப்பெயர் முறைமையில் இந்தச் சிக்கல் நேரடியாக எழுந்தது. ஓர் இணையப் பெயருக்குரிய எண் முகவரி உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் நகலாக இருக்கும். மூல முகவரி மாறினால் அத்தனை பேருக்கும் செய்தி சொல்வது இயலாது. எனவே ஒவ்வொரு பதிலோடும் வாழ்நாள் அளவு ஒன்று நொடிக்கணக்கில் இணைக்கப்பட்டது. அந்த நொடிகள் முடிந்ததும் நகலை எறிந்துவிட்டு மீண்டும் கேட்க வேண்டும் என்பதே விதி.

இதற்கு மாற்றாக மற்றொரு வழியும் ஆராயப்பட்டது. 1989-ல் கேரி கிரே, டேவிட் செரிடன் ஆகியோர் குத்தகை என்ற கருத்தை முன்வைத்தனர். குறிப்பிட்ட காலம் வரை, நகல் வைத்திருப்பவரின் ஒப்புதல் பெறாமல் மூலத்தை மாற்றுவதில்லை என்று வழங்கி வாக்குறுதி தருவதே குத்தகை. இதற்கு, யார் யாரிடம் நகல் உள்ளது என்பதை வழங்கி நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கோப்பு அமைப்புக்கு இது பொருந்தும். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய வலைக்கு அது பெருஞ்சுமை. ஆகவே வலையும் காலக்கெடு வழியையே பின்பற்றியது.

பழமையை அளக்கக் கற்ற காலம்

செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய வலை வளர்ந்தபோது, ஒரே பக்கத்தைப் பலர் கடல்கடந்து திரும்பத் திரும்ப இறக்குவது வீண் செலவாயிற்று. 1994-ல் ஆரி லுவோடோனென், கெவின் ஆல்டிஸ் ஆகியோர் இடையில் நின்று நகல் வைத்துக்கொள்ளும் ப்ராக்ஸி வழங்கிகளை விவரித்தனர். 1996-ல் ஸ்குவிட் என்ற கட்டற்ற கேச் மென்பொருள் வெளிவந்தது.

அதே 1996 மே மாதம் எச்டிடிபி 1.0 நெறிமுறை ஆவணமானது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, பக்கம் எந்த நாள் எந்த நேரம் வரை செல்லும் என்று சொல்லும் காலாவதிக் குறிப்பு. மற்றொன்று, இந்த நேரத்துக்குப் பின் மாறியிருந்தால் மட்டும் அனுப்பு என்று கேட்கும் வசதி. மாறவில்லை எனில் வழங்கி 304 என்ற சிறு பதிலை மட்டும் அனுப்பும். முழுப் பக்கமும் மீண்டும் பயணம் செய்யாது. இதுவே மறுசரிபார்ப்பு எனப்படுகிறது.

அந்த ஆண்டிலேயே ஜேம்ஸ் குவெர்ட்ஸ்மன், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்கோ செல்ட்சர் ஆகியோர் முக்கியமான ஆய்வொன்றை வெளியிட்டனர். நெடுநாள் மாறாத கோப்பு இனியும் சில காலம் மாறாது என்று கொள்ளும் எளிய முறையை அவர்கள் சோதித்தனர். பழைய தரவு தரப்படும் நேர்வுகளை 5 விழுக்காட்டுக்கும் கீழே வைத்துக்கொண்டே, வலையமைப்பின் சுமையையும் வழங்கியின் சுமையையும் அம்முறையால் குறைக்க முடியும் என்று காட்டினர். இதனால், பழைய தரவு என்றாலே தவறு என்ற பார்வை தளர்ந்தது. எவ்வளவு பழையது, எத்தனை முறை, அதனால் கிடைக்கும் பயன் என்ன என்று கணக்கிடும் பார்வை வலுப்பெற்றது.

1997 சனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை, கேச்-கன்ட்ரோல் என்ற கட்டளை வரியைக் கொண்டுவந்தது. அதிலுள்ள மேக்ஸ்-ஏஜ் என்ற கூறு, நகல் எத்தனை நொடிகள் புதியதாகக் கருதப்படும் என்பதைக் கூறுகிறது. மேக்ஸ்-ஸ்டேல் என்ற கூறைக் கேட்பவர் அனுப்பலாம். இத்தனை நொடிகள் பழையதாயினும் எனக்குச் சம்மதம் என்பது அதன் பொருள். பழைய பதிலைத் தரும் கேச், இது பழையது என்ற எச்சரிக்கை வரியையும் சேர்க்க வேண்டும் என்று விதி கூறியது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த எச்சரிக்கைக்கு 110 என்ற எண் தரப்பட்டது.

முதல் விதியாகிய எல்லை இவ்வாறு கிடைத்தது. ஆனால் எல்லை முடிந்த நொடியில் வந்து சேரும் மனிதர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரே நேரத்தில் மொய்க்கும் வேண்டுகோள்கள்

ஒரு செய்தித்தளத்தின் முகப்புப் பக்கத்தை ஒரு நொடிக்கு ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அந்தப் பக்கத்தை உருவாக்க வழங்கிக்கு 2 நொடிகள் ஆகின்றன. கேச்சில் நகல் உள்ளவரை சிக்கல் இல்லை. காலக்கெடு முடிந்த நொடியில் நகல் எறியப்பட்டால், புதியது உருவாகும் அந்த 2 நொடிகளில் 2000 பேரின் வேண்டுகோள்கள் மூல வழங்கியின் மேல் விழும். அனைவரும் கேட்பது ஒரே பக்கம். ஆனால் வழங்கி அதனை 2000 முறை உருவாக்க முயலும். சுமை கூடக் கூட 2 நொடி 20 நொடியாகும். அதற்குள் இன்னும் பலர் சேர்வார்கள். இதனை ஆங்கிலத்தில் மிரண்டோடும் மந்தைக்கு ஒப்பிடுவர்.

நோர்வே நாட்டின் வெர்டென்ஸ் காங் நாளிதழின் வலைப்பதிப்பு இத்தகைய பெருங்கூட்டத்தைச் சந்தித்த தளங்களுள் ஒன்று. அதற்காக டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் முதன்மையாக நின்று உருவாக்கிய வார்னிஷ் என்ற கேச் மென்பொருள் 2006-ல் வெளிவந்தது. பின்னர் அதில் சலுகைக் காலம் என்ற வசதி சேர்ந்தது. காலக்கெடு முடிந்த நகலையும் சலுகைக் காலம் வரை அது வைத்திருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் மூல வழங்கிக்குச் செல்லும். மற்ற அனைவருக்கும் பழைய நகல் கிடைக்கும். பத்துப் பேருக்கு ஓர் உலை என்ற மூன்றாம் விதி இதுவே.

தொடக்கத்தில் அந்த ஒரு வேண்டுகோளை அனுப்பியவர் மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014-ல் வெளியான வார்னிஷ் 4.0 பதிப்பில் புதுப்பிக்கும் பணி முழுவதும் பின்னணிக்குச் சென்றது. அந்த ஒருவரும் காத்திருக்கத் தேவையின்றிப் போயிற்று. உலகெங்கும் பயன்படும் எஞ்சின்-எக்ஸ் வழங்கி மென்பொருளின் 1.11.10 பதிப்பு, 2017-ல் இத்தகைய பின்னணிப் புதுப்பித்தலை ஏற்றது.

2010: ஓர் ஆவணமும் ஒரு முடக்கமும்

2010 மே மாதம் யாஹூ நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஆர்எஃப்சி 5861 வெளியானது. அது கேச்-கன்ட்ரோல் வரியில் இரண்டு புதிய கூறுகளை வரையறுத்தது. முதலாவது ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட். இரண்டாவது ஸ்டேல்-இஃப்-எரர், மூல வழங்கி பிழை காட்டினால், குறிப்பிட்ட நேரம் வரை பழைய நகலையே தரலாம் என்பது இதன் பொருள்.

ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு எளிமையானது. மேக்ஸ்-ஏஜ் 600 நொடிகள், ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் 30 நொடிகள் எனக் கொள்வோம்.

முதல் 600 நொடிகள் வரை நகல் புதியது. கேச் யாரையும் கேட்காமல் அதனைத் தரும்.

600 முதல் 630 நொடிகள் வரை நகல் பழையது, ஆயினும் தரலாம். இந்த இடைவெளியில் வரும் வேண்டுகோளுக்குப் பழைய நகல் உடனே போகும். அதே வேளையில் கேச் பின்னணியில் புதியதைக் கேட்கும்.

630 நொடிகளுக்குப் பின் அந்த நகலைத் தரக் கூடாது. வருபவர் காத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 630-ஆவது நொடி தானாகப் புதுப்பிக்கும் கடிகாரம் அல்ல. அந்த 30 நொடிகளுக்குள் யாராவது ஒருவர் கேட்டால்தான் புதுப்பித்தல் தொடங்கும். கூட்டம் மிகுந்த தளத்தில் யாராவது கேட்பார்கள். எனவே எவரும் காத்திருக்க நேராது. ஆளரவமற்ற தளத்தில் அந்த இடைவெளி யாரும் வராமலே கழிந்துவிடும். அடுத்து வருபவர் காத்திருப்பார். சிறிய தளங்களில் இம்முறையை வைத்தும் பயன் தெரியவில்லை என்று சிலர் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

ஆவணம் வெளிவந்து நான்கு மாதங்களில், 2010 செப்டம்பர் 23 அன்று, பேஸ்புக் தளம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முடங்கியது. நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, கேச்சில் உள்ள அமைப்பு மதிப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் தானியங்கி ஏற்பாடு ஒன்று இருந்தது. கேச்சில் தவறான மதிப்பு தென்பட்டால், நிலையான சேமிப்பிலிருந்து சரியான மதிப்பை எடுத்து வைப்பது அதன் வேலை. அன்று நிலையான சேமிப்பிலேயே தவறாகக் கொள்ளப்படும் மதிப்பு ஒன்று பதிவாயிற்று. அதைக் கண்ட ஒவ்வொரு கணினியும் அதனைத் திருத்தத் தரவுத்தளத்தை நாடியது. நொடிக்கு இலட்சக்கணக்கான வேண்டுகோள்கள் குவிந்தன. தரவுத்தளம் திணறிப் பிழைச் செய்தி அனுப்பியபோது, அந்தப் பிழையையும் தவறான மதிப்பு என்றே கொண்டு கேச்சிலிருந்த நகல் அழிக்கப்பட்டது. நகல் அழிந்ததால் வேண்டுகோள்கள் மேலும் பெருகின. மூலத் தவறு சரிசெய்யப்பட்ட பின்னும் இந்தச் சுழல் நிற்கவில்லை. இறுதியில் தளத்தையே நிறுத்தி, தரவுத்தளம் மூச்சுவிட்ட பின் பயனர்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டனர்.

மூலம் தடுமாறும் வேளையில் கையிலுள்ள நகலை எறிவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஸ்டேல்-இஃப்-எரர் சொல்வது இதற்கு நேர் எதிரானது: மூலம் பிழை காட்டினால் நகலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

2013-ல் அதே நிறுவனத்தின் பொறியாளர்கள் தமது மெம்கேச் அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 1989-ன் குத்தகைக் கருத்து புது வடிவில் தோன்றியது. ஒரு தரவைப் புதுப்பிக்கும் உரிமைச்சீட்டு 10 நொடிக்கு ஒருமுறை ஒருவருக்கு மட்டுமே தரப்படும். மற்றவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். அல்லது பழையது என்று குறியிட்ட தரவை ஏற்றுக்கொள்ளலாம். நெரிசலுக்கு ஆட்படும் தரவுகளில் நடத்திய சோதனையில், தரவுத்தளத்தின் மீதான உச்சச் சுமை நொடிக்கு 17,000 வேண்டுகோள்களிலிருந்து 1,300 ஆகக் குறைந்தது.

உலாவிக்கும் செயலிக்கும் வந்த விதம்

நெடுநாள் இம்முறை இடைநிலை வழங்கிகளின் வேலையாகவே இருந்தது. உலாவிக்குள் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதி, 2014-ஐ ஒட்டி இதனை வலைப்பக்கம் எழுதுபவரின் கைக்குக் கொண்டுவந்தது. 2017-ல் கூகுள் வெளியிட்ட வொர்க்பாக்ஸ் நூலகத்தில் இது ஆயத்த உத்திகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 2019 சூனில் குரோம் 75 பதிப்பும், சூலையில் பயர்பாக்ஸ் 68 பதிப்பும் கேச்-கன்ட்ரோல் வரியிலுள்ள இக்கூறை நேரடியாக ஏற்றன. ஆவணத்திற்கும் இதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

2019 அக்டோபரில், இப்போது வெர்செல் என வழங்கும் நிறுவனம், ரியாக்ட் செயலிகளுக்காக எஸ்டபிள்யூஆர் என்ற நூலகத்தை வெளியிட்டது. இம்முறையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். செயலியைத் திறந்தவுடன் முன்பு பார்த்த பட்டியல் தோன்றி, சிறிது நேரத்தில் புதிய வரிகள் சேர்வதை இன்று பலரும் கண்டிருப்பர். அங்கு நடப்பது பெரும்பாலும் இதுவே.

களப்பெயர் முறைமையின் மனமாற்றம்

2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது மிராய் எனப்படும் தீநிரல் படை பெருந்தாக்குதல் நடத்தியது. ட்விட்டர், ரெடிட், கிட்ஹப் உள்ளிட்ட தளங்களைப் பலரால் அடைய முடியவில்லை. அத்தளங்களின் வழங்கிகள் நலமாகவே இருந்தன. அவற்றின் முகவரியைச் சொல்ல வேண்டிய இடம்தான் பதில் சொல்லவில்லை. முகவரியின் நகல்கள் வாழ்நாள் முடிந்து கழிக்கப்பட்ட இடங்களில், புதியதைப் பெற வழியில்லை.

2020 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8767, 1987-ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. மூலத்தை அடைய முடியாதபோது வாழ்நாள் முடிந்த முகவரியையும் தரலாம் என்று அது அனுமதித்தது. எல்லைகளையும் சொன்னது: புதிய பதிலுக்காக ஏறக்குறைய 1.8 நொடிகள் முயன்று பார்த்த பின் பழையதைத் தரலாம். தரும்போது 30 நொடி வாழ்நாள் மட்டும் குறிக்கலாம். 1 முதல் 3 நாட்கள் வரை இவ்வாறு வைத்திருக்கலாம். ரொட்டியே இல்லாததற்குப் பழைய ரொட்டி மேல் என்ற உவமையை அந்த ஆவணமே எடுத்தாள்கிறது. பழைய சோறு உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

பொருந்தாத இடங்கள்

எல்லாத் தரவும் பழைய சோறு போல் உண்ணத்தக்கதன்று. செய்தித் தலைப்பு, கட்டுரை, படம், பொருட்பட்டியல் ஆகியவை சில நொடிகள் பழையதாயினும் தீங்கில்லை. வங்கி இருப்பு, தொடர்வண்டியில் மீதமுள்ள இருக்கை, செலுத்த வேண்டிய கட்டணம், ஒருவருக்கு இன்னும் அனுமதி உண்டா என்ற தகவல் ஆகியவற்றில் சில நொடிப் பழமையும் இழப்பாகலாம். அங்கே காத்திருப்பதே முறை.

மற்றொரு சிக்கல் எழுதியவரைப் பற்றியது. ஒரு மாணவர் படிவத்தில் முகவரியைத் திருத்திச் சேமிக்கிறார். அடுத்த பக்கத்தில் பழைய முகவரியே தெரிந்தால், திருத்தம் பதிவாகவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் சேமிப்பார். எனவே ஒருவர் தாமே செய்த மாற்றத்தை அவருக்கு மட்டுமாவது உடனே காட்ட வேண்டும்.

கேச் அடுக்குகள் பல இருப்பதும் கவனத்திற்குரியது. எச்டிடிபி கேச்சுகள் ஏஜ் என்ற வரியின் மூலம் நகலின் வயதை அடுத்த அடுக்குக்குச் சொல்கின்றன. செயலிக்குள் தனியாக வைக்கும் சேமிப்பு அவ்வாறு சொல்லாவிட்டால், ஒவ்வோர் அடுக்கும் தன் சலுகைக் காலத்தைத் தானே கூட்டும். படிப்பவர் கையில் சேரும்போது தகவல் யாரும் எண்ணிய அளவைவிடப் பழையதாகியிருக்கும்.

பழையது என்று சொல்லும் பொறுப்பு

2022 சூனில் வெளியான ஆர்எஃப்சி 9111 எச்டிடிபி கேச் விதிகளைப் புதுப்பித்தது. நாட்டிங்ஹாம் அதன் பதிப்பாசிரியர் மூவருள் ஒருவர். அந்த ஆவணம் 110 முதலிய எச்சரிக்கை வரிகளை வழக்கொழிந்தவை என அறிவித்தது. பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றை அனுப்புவதில்லை, பயனருக்குக் காட்டுவதும் இல்லை என்பதே காரணம். ஏஜ் வரி நீடிக்கிறது; ஆனால் அதனைப் படிப்பது கணினி, மனிதரல்லர்.

ஆக, பழையதை நயமாகத் தருவதற்கான விதிகள் அரை நூற்றாண்டில் வளர்ந்தன. இது பழையது என்று படிப்பவருக்குச் சொல்லும் விதி மட்டும் உதிர்ந்துவிட்டது. அந்தக் கடமை இன்று செயலியை எழுதுபவரிடமே உள்ளது. கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பக்கத்தின் மூலையில் ஒரு வரியாகக் காட்டினால் அது நிறைவேறும். வானிலை, விளையாட்டு மதிப்பெண், வெள்ள எச்சரிக்கை போன்றவற்றைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு, தகவல் எவ்வளவு விரைவாக வந்தது என்பதைவிட அது எப்போதைய தகவல் என்பதே முதன்மையானது.